அட்மிஷன் காலிங் வேலை: 'எந்த ஸ்கூல்?' என்று மட்டும் கேட்கக் கூடாதாம்

டெஸ்க்_ஏழு | ஜூன் 22, இரவு 11.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து சென்னைப் புறநகரில் ஒரு கன்சல்டன்சியில் வேலை. அடையாள அட்டையில் 'அட்மிஷன் கவுன்சலர்' என்று இருக்கும், உள்ளே எங்களுக்குப் பெயர் காலர். மூன்று பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு நர்சிங் கல்லூரிக்கும் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். சம்பளம் 13,500. ஓர் அட்மிஷன் முடிந்தால் 1,500 இன்சென்டிவ்.

ஒரு மாடி வீட்டின் ஹாலில் 22 பேர் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஒரு போன், இரண்டு சிம். ஒரு நாளைக்கு 180 கால் போட வேண்டும், அதில் 40 பேராவது இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்க வேண்டும். ட்ரூகாலரில் நம் எண் ஸ்பேம் என்று சிவப்பாகிவிட்டால் டி.எல். (டீம் லீடர்) சார் வந்து சிம்மை மாற்றிக் கொடுப்பார். மேஜை டிராயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும், அது நிறைய சிம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இரவு பத்து மணிக்குத்தான் விட்டார்கள். சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள், சும்மா சொல்லக் கூடாது.

இவ்வளவும் எங்கும் இருப்பதுதான். என் பிரச்சினை வேறு.

எங்களுக்கு வரும் டேட்டா ஷீட்டில் மாணவர் பெயர், அப்பா அல்லது அம்மா எண், ஊர், குரூப், பள்ளி என்று பத்திகள் இருக்கும். முதல் வாரம் எல்லாம் தெரிந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து பள்ளிப் பத்தி காணோம். கேட்டேன். "ஸ்கூல் பேர வெச்சு நீ என்னம்மா பண்ணப் போற?" என்றார் டி.எல். ஒருநாள் ஷீட்டில் எச்-க்கு அடுத்து ஜே இருப்பதைப் பார்த்தேன். நடுவில் ஐ-யை மறைத்து வைத்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து திறந்தால் வரிசையாக அ.மே.நி.ப., அ.மே.நி.ப., அ.ம.மே.நி.ப. என்று ஓடுகிறது. பாதிக்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்.

அன்று மாலையே பயிற்சி மாதிரி ஒன்று நடந்தது. "கட்ஆஃப் கேளுங்க, அப்பா என்ன வேலைன்னு கேளுங்க, லோன் வேணுமான்னு கேளுங்க. எந்த ஸ்கூல்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா அவங்களே 7.5 பத்திப் பேச ஆரம்பிச்சிருவாங்க, லீடு போயிரும்." (7.5 என்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு, லீடு என்றால் சேர வாய்ப்புள்ள பிள்ளை.) இதை எழுதியும் கொடுக்கவில்லை, வாயால் சொன்னதோடு சரி.

நான் கேட்கவில்லை. ஜூன் 4-ஆம் தேதி அரூர் பக்கத்து கிராமத்திலிருந்து ஓர் அம்மா. மகளுக்குக் கணிதம் 81, இயற்பியல் 74, வேதியியல் 78. கட்ஆஃப் 157. நிலக்கடலைக் காட்டில் இருந்தார் போலிருக்கிறது, "இரு கண்ணு, கை மண்ணா இருக்கு" என்று போனை இடுக்கிக்கொண்டே பேசினார். ஸ்கிரிப்ட்டில் உள்ளபடி, "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டே சீட்டுதாம்மா இருக்கு, இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள டோக்கன் போட்டா ஹோல்டு பண்ணித் தரேன்" என்றேன். அந்த 'ரெண்டே சீட்டு' ஏப்ரலிலிருந்து ரெண்டாகவே இருக்கிறது.

அவரிடம் ஜிபே கிடையாது. கடைத்தெரு மொபைல் கடைக்காரர் மூலம் அனுப்பினார். ஐயாயிரம், ஐயாயிரமாக இரண்டு தடவை. கடைக்காரர் நூறு ரூபாய் எடுத்துக்கொண்டாராம். தோட்டை அடகு வைத்த பணம் என்று பிறகுதான் சொன்னார். அடுத்த வாரம் கேம்பஸ் விசிட் பஸ்ஸில் வந்து டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நேற்று அவரே கூப்பிட்டார். "கண்ணு, கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்ச பிள்ளைக்கு ஃபீசெல்லாம் கவர்மெண்டே கட்டுமாமே, நம்ம காலேஜுக்கும் அது உண்டுதான?" டி.எல். என் பின்னால்தான் நின்றார். "செக் பண்ணிட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

எனக்கு இதுவரை 11 அட்மிஷன். இன்சென்டிவ் எல்லாம் செப்டம்பரில்தான் வரும். இப்போது போனால் ஒரு பைசா கிடைக்காது. பிடித்த 11 பேரில் எத்தனை பேர் இந்த மாதிரி என்று மறைந்த பத்தியில் பார்த்துவிட்டேன். ஆறு பேர்.

என்ன செய்யலாம்? திட்டுபவர்கள் திட்டலாம், வழி தெரிந்தவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாமக்கல்_அப்பா | ஜூன் 23, காலை 6.15

நீங்கள்தானா அது! ரிசல்ட் வந்த அன்று மட்டும் எனக்கு 34 கால். மகன் மார்க்கை நான் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் சொல்லிவிட்டாள், "கங்கிராட்ஸ் சார், தம்பி நல்ல மார்க்". எப்படி அம்மா தெரியும் என்றால் "எங்க டேட்டாபேஸ்ல இருக்கு சார்" என்கிறாள். தொல்லை அழைப்புக்கான 1909-க்குப் புகார் அனுப்பிப் பார்த்தேன். அந்த எண்ணிலிருந்து கால் நின்றது, அடுத்த நாள் வேறு எண்ணிலிருந்து அதே குரல்.

முதலில் இதைச் சொல்லுங்கள், எங்கள் நம்பர் உங்களுக்கு எப்படி வருகிறது?

முன்னாள்_டிஎல் | ஜூன் 23, காலை 9.02

அப்பா சார், மகன் ஏதாவது 'கட்ஆஃப் கால்குலேட்டர்', 'எந்தக் காலேஜ் கிடைக்கும்' என்று ஒரு தளத்தில் எண் போட்டிருப்பார். மூன்று பாடக் கூட்டல்தான், கணித மார்க்கோடு மற்ற இரண்டிலும் பாதி, 200-க்கு. விரலில் போடலாம். ஆனால் தளம் எண் கேட்கும், கொடுத்துவிடுவோம். மீதி டியூஷன் சென்டர், கல்விக் கண்காட்சி ஸ்டால், அங்கே கூப்பன் போடும் டப்பா. டேட்டா கிலோ கணக்கில் கிடைக்கும்.

நான் இதே வேலையில் ஐந்து சீசன் இருந்தவன், இரண்டு வருடம் டி.எல். டெஸ்க்_ஏழு, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு 1,500. நான் இருந்த இடத்தில் கல்லூரி கன்சல்டன்சிக்குத் தலைக்கு 40,000 கொடுத்தது. அதுவும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து, அட்டை வாங்கி, முதல் தவணை கட்டிய பிறகுதான். அதனால்தான் செப்டம்பர். நடுவில் கேன்சல் ஆனால் எல்லோருக்கும் நஷ்டம். அதற்காகவே ஜூலையில் 'ரிட்டென்ஷன் கால்' என்று ஒன்று போடச் சொல்வார்கள். பிள்ளை அரசுக் கலந்தாய்வுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முழு வேலை. உங்களுக்கு இன்னும் அது வரவில்லை, வரும்.

ஒன்று மட்டும் டி.எல். பக்கம் நின்று சொல்லிவிடுகிறேன். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நான் பத்தியை மறைத்ததில்லை, ஆனால் மறைக்கச் சொல்லியிருந்தால் மறைத்திருப்பேன். வீட்டு வாடகை அப்படி.

பழைய_சுண்ணக்கட்டி | ஜூன் 23, காலை 10.30

அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான், தருமபுரி மாவட்டம்தான். முதலில் திட்டிவிடுகிறேன்: எங்கள் பிள்ளைகள் ஏழு வருடம் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து சம்பாதித்த உரிமையை ஒரு போன் காலில் பறிக்கிறீர்கள். சரி, திட்டியாயிற்று. இனி விஷயம்.

தெரியாதவர்களுக்காக: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியல் போன்றவற்றுக்கு 2021-இல். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். கவனியுங்கள், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். அதே கல்லூரி, அதே பிரிவு, அதே பெஞ்ச், ஆனால் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் நேரடியாகச் சேர்ந்துவிட்டால் இது கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகை 25,000, அதுவும் கலந்தாய்வில் போனால்தான்.

அரூர் அம்மா மகள் நேரடியாகச் சேர்ந்தால் அந்தக் குடும்பம் நான்கு வருடத்துக்கு என்ன கட்டப் போகிறது என்று உங்கள் ஃபீஸ் ஷீட்டிலேயே கூட்டிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்தப் பெண் கலந்தாய்வுக்கு ஆன்லைனில் பதிவு செய்திருக்கிறாளா? பதிவு இந்த மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. எங்கள் பள்ளிகளில் பெரும்பாலும் ஹை-டெக் லேப்பில் உட்கார வைத்து நாங்களே பதிவு செய்துவிடுவோம், அவள் வீட்டில் அது தெரியாமல்கூட இருக்கலாம். பதிவு இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விருப்பப் பட்டியல் போடுவது ஜூலையில்தான்.

கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஆபீஸ் போனிலிருந்து வேண்டாம்.

ரெண்டாம்_டீ | ஜூன் 23, பகல் 1.20

11 x 1,500 = 16,500. செப்டம்பரில் வாங்கிக்கொண்டு அக்டோபரில் மனசாட்சி இழை தொடங்கியிருக்கலாம். இப்போதே தொடங்கியதற்கு ஒரு சபாஷ்.

லேப்_கோட் | ஜூன் 23, பிற்பகல் 3.45

காலர்களை மட்டும் திட்டுகிறீர்கள். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். எம்.இ., பிஎச்.டி. முடிக்கப் போகிறேன். மார்ச் வந்தால் எனக்கும் காலிங்தான். தலைக்கு ஐந்து அட்மிஷன். கொண்டுவராதவர்களுக்கு மே, ஜூன் சம்பளம் 'ஹோல்டு'.

பிளஸ் டூ தேர்வு நடக்கும்போது மைய வாசலில் போய் நிற்போம். கையில் நோட்டீஸ், கல்லூரிப் பெயர் போட்ட ஸ்கேல், பேனா. கணிதத் தேர்வு முடிந்து அழுதுகொண்டே வந்த ஒரு பையனிடம் நான் ஸ்கேல் நீட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்புறம் அவனுடைய அப்பா எண்ணையும் வாங்கினேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு வெறி என்றால், சுயநிதிக் கல்லூரி தன் இடங்களில் 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கிறது, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. ஆனால் பெயர் இல்லாத கல்லூரியைக் கலந்தாய்வில் யாரும் தொடுவதில்லை. மெக்கானிக்கல், சிவிலில் ஒற்றை இலக்கத்தில் ஆள் வரும். மீதியை மேனேஜ்மெண்ட் பெயரில் போன் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் துறையை மூடுவார்கள், துறையை மூடினால் நான் வீட்டுக்கு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 31 பேரில் ஐந்து பேர் என் சம்பளம். எண்ணிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன்.

இதில் வேடிக்கை, 7.5-இல் ஒரு பிள்ளை வந்தால் எங்கள் கல்லூரிக்கும் அரசிடமிருந்து கட்டணம் வரும். அது தாமதமாக வரும், அரசு நிர்ணயித்த தொகைதான் வரும், மேல்வரும்படி எதுவும் இல்லை. அதனால் நிர்வாகத்துக்கு அது 'கலந்தாய்வுக் கணக்கு'. என் ஐந்தில் சேராது.

டெஸ்க்_ஏழு | ஜூன் 23, இரவு 11.10

ஆசிரியர் ஐயா, திட்டியதற்கும் நன்றி.

விடுதி மொட்டை மாடியிலிருந்து என் சொந்த எண்ணில் கூப்பிட்டேன். அந்த அம்மா எடுத்தார். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துப் படித்தேன், இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் குரல் வந்துவிடுகிறது, மூன்று மாதப் பழக்கம். நான் சொன்னது தப்பு, உங்கள் மகளுக்குக் கலந்தாய்வில் போனால் கட்டணமே வராது, எங்களிடம் சேர்ந்தால் வரும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அன்னைக்கு நாஞ் சொன்னனே கண்ணு, கவர்மெண்டு ஸ்கூலுன்னு. நீ கேக்கலயா?" என்றார்.

சொல்லியிருக்கிறார். இப்போது ஞாபகம் வருகிறது. "நம்மூரு கவருமெண்டு பள்ளியோடத்துல ரெண்டாவது மார்க்கு" என்று பெருமையாகத்தான் சொன்னார். நான் 'கங்கிராட்ஸ்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்புறம் மகள் போனை வாங்கினாள். அவளுக்குக் கோபப்பட நேரமில்லை. "அக்கா, டி.என்.இ.ஏ. கவுன்சலிங் ரிஜிஸ்டர் நம்பர் இருக்கு, கெமிஸ்ட்ரி மிஸ் போட்டுக் குடுத்தாங்க. டி.சி. உங்ககிட்டதான இருக்கு, எப்ப தருவீங்க?" அவ்வளவுதான் கேட்டாள்.

டி.சி. எங்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. சாவி மேனேஜரிடம். ரசீதைப் பார்த்தேன், கல்லூரிப் பெயரே இல்லை. கன்சல்டன்சி பெயரில், 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறது.

பழைய_சுண்ணக்கட்டி | ஜூன் 24, காலை 5.50

பதிவு இருக்கிறது, அது போதும். கெமிஸ்ட்ரி மிஸ் வாழ்க.

ஒரிஜினல் சான்றிதழை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. யு.ஜி.சி. 2018-இல் போட்ட அறிவிப்பிலேயே, சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு ஒரிஜினலை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் அதையே சொல்கிறது. கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது நடுவில் இருக்கும் கன்சல்டன்சிக்கு எங்கிருந்து வந்தது? பெற்றோர் நேரில் போய், எழுத்தில் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' வாங்க வேண்டும். தனியாக அனுப்பாதீர்கள். பள்ளியிலிருந்து யாராவது கூடப் போகட்டும். வாத்தியார் கூட வந்தால் இவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள், எங்கள் தொழிலில் மிச்சமிருக்கும் ஒரே மரியாதை அது.

பணம் பற்றி: கல்லூரிக்கு நேராகக் கட்டியிருந்தால் வழி சுலபம். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ரசீது கன்சல்டன்சி பெயரில் என்றால் கதை வேறு. யாராவது சட்டம் தெரிந்தவர் சொல்லுங்கள்.

கறுப்பு_அங்கி | ஜூன் 24, காலை 11.00

வழக்கறிஞர். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் 'சேவை'யா இல்லையா என்று நாங்கள் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறோம். கன்சல்டன்சி என்றால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை, ரசீதில் அவர்களே 'சேவைக் கட்டணம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். 'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் அது வேதவாக்கு ஆகிவிடாது.

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல இடங்களில் அந்த ஒரு புகாரிலேயே பணம் வந்துவிடும். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், தருமபுரியிலிருந்து சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

மொபைல் கடைக்காரர் அனுப்பிய இரண்டு பரிவர்த்தனைக்கும் ஸ்கிரீன்ஷாட் வாங்கி வையுங்கள். அது அவர் போனில்தான் இருக்கும். இன்றே வாங்குங்கள், நாளைக்கு அவர் போனை மாற்றிவிடுவார்.

டெஸ்க்_ஏழு | ஜூன் 24, இரவு 10.35

ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். ஷீட்டில் அந்த மாவட்டப் பக்கம் மட்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 140 வரிசை இருக்கிறது. நம்பரோடு காப்பி எடுத்துவிட்டால், நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முன்னாள்_டிஎல் | ஜூன் 24, இரவு 10.50

எடுக்காதே அம்மா. தயவுசெய்து. நல்லது செய்யப்போய், 'டேட்டா திருடிவிட்டாள், போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டாள்' என்று உன் மேல் புகார் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்காக மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்தான். உன் போனில் ஷீட் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் இப்போதே அழி.

ரெண்டாம்_டீ | ஜூன் 24, இரவு 11.15

அதோடு, அந்த 140 பேருக்கும் நாளைக்கு ஒரு புது எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "நாங்கள் சொன்னதை நம்பாதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள்" என்றால் யார் நம்புவார்கள்? நானே கட் செய்வேன்.

பழைய_சுண்ணக்கட்டி | ஜூன் 25, காலை 6.05

கிண்டல் செய்தாலும் ரெண்டாம் டீ சொல்வது சரி. எண்கள் வேண்டாம், பிள்ளைகள் பெயரும் வேண்டாம். எந்தெந்தப் பள்ளி என்று மட்டும் நினைவில் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் குழுவில் நான் போடுகிறேன். எந்தப் பிள்ளை பதிவு செய்தது, எது வெளியே டோக்கன் கட்டியது என்று அவர்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியும்.

லேப்_கோட் | ஜூன் 25, பகல் 12.40

கொஞ்சம் விலகிப் போகிறேன். பெற்றோர் யாராவது படித்தால்: காலர் 'என்.ஏ.ஏ.சி. ஏ பிளஸ் பிளஸ்' என்று கல்லூரியின் தர மதிப்பீட்டை மூச்சுவிடாமல் சொல்லும்போது இடையில் நிறுத்தி, "அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதப் பட்டியலில் உங்கள் கல்லூரி எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். இணைப்புக் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகமே பருவவாரியாக வெளியிடும் பட்டியல் அது. எங்கள் கல்லூரியைக் கேட்டால் நான் இருமுவேன்.

நாமக்கல்_அப்பா | ஜூன் 25, மாலை 4.00

இதை நேற்று ஒரு காலரிடம் கேட்டேன். "லைன் சரியில்ல சார்" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த எண்ணிலிருந்து கால் வரவில்லை. 1909-ஐ விட நன்றாக வேலை செய்கிறது.

டெஸ்க்_ஏழு | ஜூலை 3, இரவு 9.30

வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதைவிட, விடவைத்தார்கள் என்பது சரி.

அரூர் அம்மாவும் மகளும் திங்கட்கிழமை வந்தார்கள், கூடவே அவர்கள் பள்ளி பி.டி. மாஸ்டர். கெமிஸ்ட்ரி மிஸ் வருவார் என்று நினைத்தேன். ஆனால் பி.டி. மாஸ்டரை அனுப்பியது நல்ல யோசனை, ஆறடி இருப்பார். மேனேஜர் முதலில் 'கேன்சலேஷன் ஃபார்ம்', 'ஹெட் ஆபீஸ்' என்றெல்லாம் இழுத்தார். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பரவால்ல சார், வெயிட் பண்றோம், ரிட்டன் பஸ் ராத்திரிதான்" என்றார். ஹாலில் 22 பேரும் கால் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த கேம்பஸ் விசிட்டுக்கு வந்த இரண்டு குடும்பங்கள் வேறு வாசலில். அதைப் பார்த்ததும் பீரோ திறந்தது.

டி.சி., மார்க் ஷீட் வந்துவிட்டன. பணம் நாலாயிரம் மட்டும். மீதிக்கு 1915-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மா போகும்போது என் மேஜைப் பக்கம் பார்த்தார். ஏழாம் எண் எது என்று அவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தானே தெரியும். நான் எழுந்து போய்ப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டது அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஜூன் சம்பளம் வரவில்லை. வராது.

முன்னாள்_டிஎல் | ஜூலை 3, இரவு 10.10

ஜூன் சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். ஆஃபர் லெட்டர், வங்கியில் ஏப்ரல், மே சம்பளம் விழுந்த பக்கம், இரண்டும் போதும். நான் கொடுக்கவில்லை என் காலத்தில், வெட்கப்பட்டேன். நீ கொடு.

மற்ற ஐந்து பேர் என்ன ஆனார்கள்?

டெஸ்க்_ஏழு | ஜூலை 4, காலை 8.00

இரண்டு பேருக்கு ஏற்கெனவே சொந்த எண்ணில் சொல்லியிருந்தேன். ஒருவர் கேட்டுக்கொண்டார். இன்னொருவர் அப்பா, "கலந்தாய்வுன்னா எந்த ஊர்ல கிடைக்குமோ, பொண்ண அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம், இங்கயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். பக்கத்து ஊர்க் கல்லூரியையே விருப்பப் பட்டியலில் முதலில் போடலாம் என்று சொல்வதற்குள் கட். ஒரு பையன் ஆறாவது ஏழாவது உதவிபெறும் பள்ளி, அவனுக்கு 7.5 வராது. மற்ற இருவரும் எடுக்கவில்லை. தெரியாத எண் என்றால் எடுக்காதீர்கள் என்று யாராவது நல்லவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்பது பள்ளிப் பெயர் அனுப்பினேன்.

பழைய_சுண்ணக்கட்டி | ஆகஸ்ட் 9, மாலை 6.20

இழையை மேலே தூக்குகிறேன், நிலவரம் சொல்வதற்காக.

ஒன்பது பள்ளியில் இரண்டு தலைமை ஆசிரியர்கள் எனக்குத் திருப்பிப் பேசினார்கள். ஒருவர், "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா, நீங்க வேற" என்று கடிந்துகொண்டார். இன்னொருவர் வகுப்பு ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பிப் பார்த்திருக்கிறார். டோக்கன் கட்டியவர்கள் நான்கு பேர் அகப்பட்டார்கள். மூன்று பேர் கலந்தாய்வுக்குத் திரும்பினார்கள். மீதி ஏழு பள்ளியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குழுவில் கட்டைவிரல் போட்டார்கள், அவ்வளவுதான்.

அரூர்ப் பெண்ணுக்கு இ.சி.இ. கிடைத்திருக்கிறது, சேலம் பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று கொஞ்சம் முகம் சுளித்தாளாம். மிஸ் சொல்லி அனுப்பினார்.

நாமக்கல்_அப்பா | ஆகஸ்ட் 9, இரவு 8.45

நல்ல செய்தி. ஐயா, ஒரு சந்தேகம். என் தங்கை மகள் எட்டாவது வரை ஆர்.டி.இ.-யில் (கல்வி உரிமைச் சட்ட இலவச இடம்) தனியார் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ. அவளுக்கு அடுத்த வருடம் 7.5 வருமா, வராதா? நேற்று ஒரு காலர் வராது என்று அடித்துச் சொல்கிறான்.

பழைய_சுண்ணக்கட்டி | ஆகஸ்ட் 9, இரவு 9.05

வரும். எட்டு வரை ஆர்.டி.இ., அதற்குப் பிறகு பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் சேரும். படிப்புச் சான்று இரண்டு பள்ளியிலும் இப்போதே வாங்கி வையுங்கள், மே மாதம் தனியார் பள்ளியில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

பிளஸ் டூவே இன்னும் முடியவில்லை, அதற்குள் காலரா?

டெஸ்க்_ஏழு | ஆகஸ்ட் 9, இரவு 9.30

அடுத்த சீசன் டேட்டா ஆகஸ்டிலேயே வந்துவிடும் ஐயா. 'வார்ம் லீடு' என்பார்கள். அப்பா சார், உங்கள் தங்கையிடம் அந்தக் காலர் எந்த ஸ்கூல் என்று கேட்டானா?

நாமக்கல்_அப்பா | ஆகஸ்ட் 9, இரவு 9.34

கேட்கவில்லையாம். இவளேதான் சொல்லியிருக்கிறாள்.